முப்பதாம் எண் இதயம்

உடம்பு தேறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி மேடு தட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆறு வாரத்துக்கு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாதாம். அதனால் எனக்குத் தலை வாரிவிடுவது என் கணவர் ரவி. நகராட்சியில், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சில் ‘மெரி’ என்று சொல்லும் இடத்தில், முப்பது வருஷம் கோப்பு கட்டிய கை அது. பின்னலையும் கோப்பு கட்டுகிற மாதிரிதான் இறுக்கிக் கட்டுகிறார்.

ஆஸ்பத்திரி அனுபவத்தை எழுதுகிறவர்கள் நாலு பேருக்கு உதவட்டும் என்று எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. எழுதாவிட்டால் இரண்டு பேர் இந்த அறையை விட்டுப் போக மாட்டார்கள் என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன். ஒருத்தர் குருசுக்குப்பத்தில் உயிரோடு இருக்கிறார். இன்னொருத்தன் இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வசந்தி, வயது ஐம்பத்தாறு. பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு, ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனித மரபணுக்களை ஆராய்கிறவள். ரத்தத்தில் எந்த எழுத்து பிசகியிருக்கிறது, அந்தப் பிசகு இதயத்தின் படத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதே இருபத்தைந்து வருஷமாக என் பிழைப்பு. நான் ஆராய்ந்தது ஒரே வியாதியைத்தான். பெயர் ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. இதயத்தின் சுவர் காரணமில்லாமல் தடித்துக்கொண்டே போகும். பல பேருக்கு அது சாகும்வரை ஒன்றும் செய்யாது. சில பேருக்கு ஒரு நாள் ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் அதே கணக்குதான்.

அப்படிப்பட்டவள் சாரம் என்கிற பகுதியில் உள்ள எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு அவசரமாக இறங்கினேன். நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்தது, அவ்வளவுதான் நினைவு. ரவி வந்து பார்த்தபோது நான் துணிமூட்டைக்கு நடுவில் கிடந்தேனாம்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஈ.சி.ஜி., பிறகு எக்கோ. எக்கோ என்பது ஒலி அலையை அனுப்பி இதயத்தைப் பார்ப்பது, வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேனின் ஒன்றுவிட்ட தங்கை. எடுத்தவர் இதய மருத்துவர் கவிதா. மாணவியாக இருந்தபோது என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர். கருவியை என் நெஞ்சில் வைத்தவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினார், கண் திரையை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நானே எத்தனையோ பேர் தலைமாட்டில் அப்படி நின்றிருக்கிறேன்.

“மேடம், செவுரு தடிப்பா இருக்கு” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “கவிதா, எனக்கு அது இருக்க வாய்ப்பே இல்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே என் ஜீனையும் பாத்தாச்சு, எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாச்சு. நான் சுத்தம்.”

“அப்ப பிரஷரால இருக்கலாம் மேடம். எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. பாத்துடலாம்.”

எம்.ஆர்.ஐ.க்கு இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு வார்டில் படுத்திருந்தேன். தலைக்கு மேலே திரையில் என் இதயம் கோடு கிழித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், கண்ணை மூடித் தூங்குகிறார்கள். எனக்கு ஒவ்வொரு பிசகும் பெயரோடு தெரிந்தது. பயந்தேன். இதை மறைத்துப் பயனில்லை, நன்றாகவே பயந்தேன். ரவி கடைசியில் தன் துண்டை எடுத்துத் திரை மேல் போட்டார். நர்ஸ் வந்து திட்டியதும் எடுத்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் போட்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் அஞ்சலையக்கா வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருசுக்குப்பத்துக்காரர், என்னை விட ஆறு வயது மூத்தவர். கூடை சுமந்து ஊருக்குள் தெருத்தெருவாக மீன் விற்றவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஆய்வுக்கு வந்த ஒரு நோயாளியின் நாத்தனார். இப்படிப்பட்ட ஆய்வுக்கு நோயாளிகள் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டும். அண்ணிக்குத் துணையாக வந்தவரை நான்தான் பேசி இழுத்தேன். பதிவேட்டில் முப்பதாம் எண் அஞ்சலை. ஆள் குறைந்ததால் முப்பத்தொன்றாம் எண்ணாக என்னையே எழுதிக்கொண்டேன். எங்கள் தொழிலில் இது சகஜம். ஆரோக்கியமான உடம்பு வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் தங்கள் உடம்பைத்தான் நீட்டுவார்கள்.

முடிவு வந்தபோது முப்பதாம் எண்ணில் ஓர் ஆச்சரியம் இருந்தது. குப்பத்தில் முகாம் போட்டு எடுத்த எக்கோவில் அஞ்சலையின் இதயம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. எம்.ஆர்.ஐ.யிலோ சுவர் ஒரு மூலையில் தடித்திருந்தது, ரத்தத்தில் பிசகான ஜீனும் இருந்தது. எக்கோ தவறவிடும் மூலையை எம்.ஆர்.ஐ. பிடிக்கும் என்று நான் கட்டுரை எழுதினேன். முப்பதாம் எண்தான் அதற்குச் சாட்சி. கட்டுரையின் மூன்றாம் படமான அந்த எம்.ஆர்.ஐ. என்னோடு ஊர் ஊராக வந்தது. எந்த மேடையிலும் அந்தப் படத்தைப் போடாமல் நான் பேசியதில்லை.

இன்னொன்றும் செய்தேன். யாருக்கும் முடிவைத் தெரிவிக்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. மனசு கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து பெயரைப் பார்த்து, குருசுக்குப்பத்துக்கே போய் அஞ்சலையிடம் சொன்னேன். இனிமேல் கூடை தூக்காதீர்கள், மாடி ஏறும்போது ஒன்பதாவது படியில் நின்று மூச்சு சமனானதும் மீதியை ஏறுங்கள், இதய மருத்துவரைக் கேட்டு வாங்கிய இந்த மாத்திரையைத் தினமும் போடுங்கள் என்றேன். பிள்ளையையும் சோதிக்கலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். “இருக்குதுன்னு தெரிஞ்சா அவன் ஒடிஞ்சிப் பூடுவான். கடலுக்கு அனுப்பாம உட்டுர்றேன், அது போதும்” என்றார். அன்றிலிருந்து மார்க்கெட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்கிறார். பையன் கதிர் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான்.

இடையில் இரண்டு முறை என்னிடம் வந்து சொன்னார். “எக்கோ எடுத்தவங்க ஒண்ணுமில்லன்றாங்களேம்மா.” நான் சிரித்துக்கொண்டே, எக்கோவுக்குத் தெரியாது அக்கா, எனக்குத் தெரியும் என்றேன். அந்தச் சிரிப்பு இப்போது என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எனக்கும் செவுரு தடிப்பு என்று ரவி போனில் சொன்னதைக் கேட்டு, அந்த அஞ்சலைதான் தூக்குவாளியோடு வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். நர்ஸ் யாரென்று கேட்டதற்கு, “நாங்க ரெண்டு பேரும் ஒரே வியாதிக்காரங்க” என்றார், ஏதோ சம்பந்தி முறை சொல்வதுபோல.

“சங்கரா மீன் கொழம்பு. உப்பு கம்மியாத்தான் போட்டுக்கீறேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பயமா இருக்குதா?”

“இருக்குக்கா.”

“இருக்கும். மொத ரெண்டு வருசம் அப்பிடித்தான். தூங்கறப்ப ஒரு துடிப்பு தப்பினாலும் எந்திரிச்சி குந்திக்குவேன். அப்புறம் எண்ணுறத உட்டுட்டேன். நீயும் எண்ணாத டாக்டரம்மா. மாடி ஏறுனா ஒம்பதாவது படியில நில்லு. நீதான எனக்குச் சொன்ன. நல்லாக் கேக்குது அது.”

நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அன்றைக்குக் குழம்பில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் எம்.ஆர்.ஐ. உலோகம் எதுவும் கூடாது என்பதால் தாலியைக் கழற்றி ரவியிடம் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, காத்திருக்கும் கூடத்தின் பெஞ்சில் நேராக உட்கார்ந்தார். முக்கால் மணி கழித்து நான் வெளியே வந்தபோதும் கை அங்கேயே இருந்தது.

அன்று மாலை கவிதா மடிக்கணினியோடு வந்தார். “செவுரு ஒரு மூலையில தடிச்சிருக்கு மேடம், பிரஷரால இல்ல. மயங்கி விழுந்திருக்கீங்க, அதனால தோளுக்குக் கீழ ஒரு கருவி வச்சாகணும். ஜீனையும் திரும்பப் பாத்துடலாம். ஈரல்ல ஒரு சின்ன நீர்க்கட்டி இருக்கு, அது ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

அந்தப் படத்தை எனக்குத் தெரியும்.

தடித்த மூலையை வைத்து மட்டும் சொல்லவில்லை. இதயத்துக்குக் கீழே ஈரலின் ஓரத்தில் கடலையளவு வெள்ளையாக அந்தக் கட்டி. என் மூன்றாம் படத்திலும் அதே இடத்தில் அது இருக்கிறது. ‘நீர்க்கட்டி, ஆய்வுக்குத் தொடர்பற்றது’ என்று அடிக்குறிப்பு எழுதியதே நான்தான். பன்னிரண்டு வருஷமாக மேடை மேடையாகப் போட்டுக் காட்டிய முப்பதாம் எண் இதயம் எனக்குள் இருந்து என்னைப் பார்த்தது.

கவிதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரவியை வீட்டுக்கு அனுப்பி என் பழைய கணினியைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தடிப்பு கொஞ்சம் கூடியிருந்தது, கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. மற்றபடி அதே விலா வளைவு, அதே ரத்தக்குழாய்கள். ஆயிரம் இதயம் பார்த்த கண்ணுக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனாலும் எண் எப்படி மாறியது என்று விளங்கவில்லை.

அடுத்த நாள் அஞ்சலை வந்தபோது, ஏதோ பழைய கதை பேசுகிறவள்போல ஆரம்பித்தேன். “அக்கா, அன்னைக்கு ஸ்கேன் எடுக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா. அந்தக் கொழாயப் பாத்துட்டு உள்ள போவ மாட்டேன்னு நின்னுட்டேனே. நீதான், சரி, நான் மொதல்ல போறேன், நான் உசுரோட வந்தா நீங்க போங்கன்னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்த.”

எல்லாம் நினைவுக்கு வந்தது. ஸ்கேன் எடுப்பவர் முப்பது என்று முன்கூட்டியே தட்டி வைத்திருந்தார். அஞ்சலை பயந்து பின்வாங்க, அவர் பயம் போகட்டும் என்று நான் முந்திக்கொண்டேன். எண்ணை மாற்றச் சொல்ல மறந்தேன். வெளியே மேசையில் ரத்தக்குழல்கள் முப்பது, முப்பத்தொன்று என்று சீட்டு ஒட்டி வரிசையாக இருந்தன. முதலில் வெளியே வந்தவளுக்கு முதல் குழல். படமும் நான், ரத்தமும் நான். எக்கோ மட்டும் அஞ்சலையுடையது, ஏனென்றால் அந்த முகாமில் எனக்கு எக்கோ எடுக்க நேரமில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டு பெண்களின் இதயத்தை ஒட்டுப்போட்டு ஒரு நோயாளியை உண்டாக்கி, அவளை வைத்துப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை தள்ளிப்போட்டேன்.

சேகர் எனக்கு ஒரே தம்பி. ஆய்வு முடிந்த சமயம் வீட்டுக்கு வந்தவன், “ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறியே, எனக்கும் ஒண்ணு எடேன்க்கா” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். “நம்ம வம்சத்துல அதெல்லாம் இல்லடா. என் படமே சாட்சி” என்றேன். ஆறு வருஷம் கழித்து ஒரு மழைநாளில், தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் தெருமுனையில் விழுந்தான். நாற்பத்துநாலு வயது. மாரடைப்பு என்றார்கள். தலையாட்டினேன். இந்த வியாதியை இருபத்தைந்து வருஷம் படித்தவள், தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு தலையாட்டினேன். அன்று குருசுக்குப்பத்திலிருந்து அஞ்சலை வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அஞ்சலையிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதே, எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வாய் வரைக்கும் வந்தது. “ஆபரேஷன் முடிஞ்சி வந்துடுவ, கவலப்படாத” என்று சொல்லி என் பாதத்தைப் பிடித்துவிட்டார். நான் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அவர் இல்லாமல் அந்தக் கட்டிலில் படுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, விஷயம் அவ்வளவுதான். உண்மை தெரிந்தால் நாளைக்கு வர மாட்டார் என்று பயந்து, எனக்கு வேண்டிய ஆறுதலை இன்னும் இரண்டு நாள் திருடிக்கொண்டேன்.

கருவி வைக்கும் அறுவை பெரிய அறுவை இல்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தோளருகே கீறி, ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை இதயத்துக்குள் இறக்குகிறார்கள். தாளம் தப்பினால் கருவி உள்ளேயே ஓர் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை வழிக்குக் கொண்டுவரும். பச்சைத் துணிக்கு அடியில் விழித்திருந்தேன். பயத்தில் எண்ணத் தொடங்கினேன். பிறகு அஞ்சலை எண்ணாதே என்றது நினைவுக்கு வந்து நிறுத்தினேன். அவருக்கு இல்லாத ஒரு வியாதியிலிருந்து அவர் கற்றுக்கொண்ட வித்தை எனக்கு வேலை செய்தது.

இரண்டாவது ஜீன் சோதனையின் முடிவு வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. பிசகு இருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்குக் கடிதம் அனுப்பினேன். அதற்கு எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வருத்தமும் வரவில்லை. குருசுக்குப்பத்துக்குப் போகத்தான் ஒன்பது நாள் ஆனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சேகருக்கு ஒரு மகள் உண்டு, அவளுக்கு எக்கோ நன்றாக இருக்கிறது. ஜீன் முடிவுக்குக் காத்திருக்கிறோம். இந்த முறை குழலில் அவள் பெயரை அவளையே எழுதவைத்தேன்.

ரவி ஆட்டோவில் கூட்டிப்போனார். அஞ்சலை வீட்டு வாசலில், மாடிப்படிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றெல்லாம் அன்று காலையே பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. எண் மாறிய கதையை நேராகச் சொன்னேன். “உங்களுக்கு அந்த வியாதி இல்லக்கா. ஒருநாளும் இருந்ததில்ல. அது என்னுது. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம், ஆனா எனக்கு சந்தேகமில்ல. தப்பு முழுக்க என்னுது.”

கடல் இரைச்சல் பாறைக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“கதிரு அப்பா போனப்புறம், இவன் கடலுக்குப் போவக் கூடாதுன்னு போட்டுல இருந்த எங்க பங்க வித்துட்டேன்” என்றார். “அவன் அழுதான். இருவத்தோரு வயசு அப்ப. எதுக்கு அழுவறன்னு ரெண்டு அற உட்டேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. “அப்ப, ஒந்தம்பிக்குப் போவ வேண்டிய சேதி, எங்கூட்டுலயா இருந்துச்சி? இத்தினி வருசமா நானா வச்சிகினு இருந்தேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை. இல்லக்கா, நீங்க இல்ல, நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தையல் போட்ட இடம் வலித்தது. அவர் என் வலது கையை மட்டும் பிடித்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். “வா, மேல வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ. தம்பி, நீயும் வா” என்று ரவியையும் கூப்பிட்டுவிட்டு முன்னால் ஏறினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஒன்பதாவது படியில் நின்றார். நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, மூச்சு சமனாகக் காத்தார்.

“அக்கா, நீங்க நிக்க வேணாம். ஏறலாம்” என்றேன்.

“தெரியுதும்மா” என்றார். ஆனால் ஏறவில்லை. ஏறப் பார்த்தார், கால் எழவில்லை. கையும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அவருக்குக் கீழே ஒரு படியில் நானும் நின்றேன். நிற்க வேண்டியவள் நான்தான்.